நெற்றிக்கு உயர்ந்த கை

ஊசியிலை மரம் என்றால் அழியாத நம்பிக்கை, பாறை என்றால் விசுவாசம், ஏரியில் மிதக்கும் படகு மனித வாழ்க்கை, மலைக்குப் பின்னால் தெரியும் வெளிச்சம் மோட்சம். மளிகைச் சீட்டு வாசிக்கிற குரலில் அடுக்கிக்கொண்டே போகிறாள் கோமதி, நானும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். தலையை ஆட்டத்தானே முந்நூறு கிலோமீட்டர் காரில் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் புறத்தேர்வாளர் என்று ஓர் அட்டை, அட்டைக்குப் பக்கத்தில் ஒரு தட்டு முந்திரிப் பருப்பு, தண்ணீர் பாட்டில், வாடத் தொடங்கிய பூங்கொத்து. தோளில் பொன்னாடை, அந்த ஜரிகை கழுத்தில் அரிக்கிறது, எடுத்து மடித்து வைத்தால் மரியாதைக் குறைவாம், போட்டவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் பேனர். அதில் மூன்று முகங்கள். ஆய்வு நெறியாளர் மாசானமுத்துவின் முகம்தான் பெரியது, அடுத்தது என்னுடையது, முனைவர் பட்டத்துக்காக ஏழு வருடம் உழைத்த பெண்ணின் முகம் பாஸ்போர்ட் அளவில் கீழே மூலையில். பொது வாய்மொழித் தேர்வு என்று இதற்குப் பெயர். பொதுமக்கள் வந்து கேள்வி கேட்கலாமாம். பொதுமக்கள் என்று வந்திருப்பது பக்கத்துத் துறை ஆசிரியர்கள் இருபது பேர், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு வடையும் டீயும் எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அவர்களில் நாலு பேரிடம் காலையிலேயே துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார் மாசானமுத்து, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுக்கிற பவ்வியத்தோடு கொடுத்தார். அவர் தலைமையுரையில் இந்த ஆய்வு இயற்கையின் அழகைப் பற்றியது என்றார். ஆய்வேட்டின் அட்டையைத் தாண்டி அவர் உள்ளே போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தலைப்பு, கற்பனாவாத நிலக்காட்சி ஓவியங்களில் சமயக் குறியீடு. நான் கண்டுபிடித்த வயல் அது, நானே உழுது நானே விதைத்தது, இந்த நாற்பது வருடத்தில் அதில் மேய வந்த ஆடுகளுக்குக் கணக்கே இல்லை.

திரையின் ஓரத்தில் எண் மாறுகிறது. இருபத்தொன்று. அந்தப் படம் இன்னும் வரவில்லை. நாலாவது அத்தியாயத்தில் வரும், முப்பதைத் தாண்டித்தான் இருக்கும், அது வந்துவிட்டுப் போகிறவரை எனக்கு மூச்சு சரியாக வராது. சின்னப் படம். பேர் அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு ஜெர்மானியன் வரைந்தது, கையெழுத்துகூடப் போடாத பயல். ஏரிக்கரை, இடிந்த தேவாலயச் சுவர், மூன்று ஊசியிலை மரங்கள், பாதையோரம் ஒரு மரச் சிலுவை. சிலுவைக்கு முன்னால் ஒரு குடியானவப் பெண் பாதி முதுகைக் காட்டி நிற்கிறாள். இந்த ஓவியர் கூட்டத்துக்கு முகம் வரைய வராது, அதனால் எல்லோரையும் முதுகைக் காட்டி நிறுத்திவிடுவார்கள், நாங்களும் அதற்கு எல்லையின்மை, ஏக்கம் என்றெல்லாம் பேர் வைத்துப் பிழைத்துக்கொண்டோம். கோயிலுக்குள் கடவுளை வைத்து வரையத் தைரியமில்லாமல் காட்டுக்குள் கொண்டுபோய்ப் பனிமூட்டத்தில் ஒளித்து வைத்தவர்கள், அவரைத் தேடிப் போய்க் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் நாங்கள், இரண்டு கூட்டத்தில் எது பெரிய மோசடிக் கூட்டம் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண்ணின் ஒரு கையில் கூடை. இன்னொரு கை விரல்களைக் குவித்து நெற்றிக்கு உயர்ந்திருக்கிறது, சிலுவை அடையாளம் போடத் தொடங்குகிற அந்த ஒரு நொடி. என் புத்தகத்தில் அது இடது கை. இடது கையால் சிலுவை போடுகிறாள், ஆகவே அவள் உள்ளுக்குள் கடவுளைக் கைவிட்டவள், ஆகவே அந்த ஓவியனும் கைவிட்டவன், ஆகவே அந்தக் காலமே கைவிட்ட காலம் என்று முப்பது பக்கம் எழுதினேன். இடக்கைக் கோட்பாடு என்று அதற்குப் பேர். பாடத்திட்டத்தில் இருக்கிறது, தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கிறார்கள். உண்மையான படத்தில் அது வலது கை. அவ்வளவுதான் விஷயம்.

இருபத்தைந்து. இடிந்த தேவாலயம் என்றால் நிறுவனமாகிப் போன சமயத்தின் வீழ்ச்சி என்கிறாள். சுவர் இடிந்தால் சுவர் இடிந்திருக்கிறது என்று சொல்லக்கூடாதா. எண்பத்தேழில் எனக்கும் அப்படிச் சொல்ல வரவில்லை. முப்பத்தாறு வயது, கல்லூரியில் புதிதாக ஆரம்பித்த ஓவிய வரலாற்றுப் பாடம், ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்த நண்பன் ஒருத்தன் ஃபிலிம் சுருளாக அனுப்பியிருந்தான், இருநூற்று அறுபது படங்கள், ஒவ்வொன்றையும் வெட்டிச் சட்டத்துக்குள் போட்டு ஸ்லைடாக்க வேண்டும். கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கும்போது படம் நேராகத் தெரிந்தால் இடது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் இயந்திரத்தில் எந்தப் பக்கமாகச் செருகுவது என்று முடிவு செய்வோம். என்னிடம் வைக்க எதுவும் இல்லை, மாலாதான் தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து வந்தாள். அவள் வீட்டில் யாரும் பொட்டு வைக்க மாட்டார்கள், கடற்கரைக் கத்தோலிக்கர்கள், என்னைக் கட்டிக்கொண்ட பிறகு ஆசையாக வாங்கி வைத்திருந்தது. மேஜை விளக்குக்கு நேரே நான் படத்தைப் பிடிக்க, அவள் நகத்தால் பொட்டை எடுத்து மூலையில் ஒட்டிக்கொண்டு வந்தாள். இந்தப் படத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். "ஏங்க, இது மறுபக்கமால்லா இருக்கு. யாராவது இடது கையால சிலுவை போடுவாங்களா?" நான் என்ன சொன்னேன். சொன்ன வார்த்தை நன்றாக ஞாபகம் இருக்கிறது, இல்லாத மாதிரி இத்தனை வருடம் நடித்துக்கொண்டிருந்தேன். "சாமியார் சொல்றதைக் கேட்டு மண்டி போடறதைத் தவிர உனக்கு என்ன தெரியும்?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்றுதான் நினைப்பு. ஃபிலிமில் மங்கலான பக்கம், பளபளப்பான பக்கம் என்று உண்டு, திருப்பிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும், திருப்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அதற்குள் அந்த இடது கை எனக்குப் பிடித்துப் போய்விட்டது. இடது கை என்றால் எழுதுவதற்கு விஷயம் இருக்கிறது, வலது கை என்றால் ஒரு பெண் சாமி கும்பிடுகிறாள், அவ்வளவுதானே. "சரி, நீங்க சொல்ற பக்கமே ஒட்டுதேன்," என்று அவள் பொட்டை ஒட்டினாள். அவள் முழுப் பெயர் ஜெபமாலை மேரி. கல்யாணப் பதிவு அலுவலகத்திலிருந்து வெளியே வந்த அன்றைக்கே நடுவில் இருந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நறுக்கிவிட்டேன். அப்பா எனக்கு வைத்த சாமி பெயரையும் இருபது வயதில் அப்படித்தான் தூக்கிப் போட்டுவிட்டுத் தென்னவன் என்று நானே வைத்துக்கொண்டேன். பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடும் என்று நம்பிய தலைமுறை, ஊசியிலை மரத்தை நம்பிக்கை என்று சொன்ன தலைமுறையைக் கேலி செய்தது.

இருபத்தெட்டு. மாசானமுத்து என் பக்கம் சாய்ந்து, "பிள்ளை நல்லா பண்ணுதா, இல்லியா ஐயா," என்கிறார், வாயில் முந்திரி. நான் தலையை ஆட்டுகிறேன். இவருடைய ஆய்வேடு எந்த லட்சணத்தில் வந்தது என்று எனக்குத் தெரியும், அதற்கும் நான்தான் புறத்தேர்வாளர், அதிலும் இடக்கைக் கோட்பாடு நாற்பது பக்கம். என்னை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஏன் போகிறேன் என்பதுதான் வெளியில் தெரியாது. வேறு யாராவது தேர்வாளராக வந்து, படத்தைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, ஒரு கேள்வி கேட்டுவிடுவான் என்ற பயம். பதினாறு வருடமாகத் திருடன் தான் திருடிய வீட்டுக்கே காவலுக்குப் போய்க்கொண்டிருக்கிறான். இரண்டாயிரத்து ஒன்பதில்தான் அந்தப் படத்தை நேரில் பார்த்தேன். ஜெர்மனியில் ஒரு கருத்தரங்குக்குப் போன இடத்தில், குளிர் எலும்புக்குள் இறங்கிய ஒரு காலையில், அருங்காட்சியகத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னலோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, இரண்டு சாண் அகலம்கூட இல்லை. தேவாலயம் இந்தப் பக்கம் இருக்க வேண்டியது அந்தப் பக்கம் இருந்தது. கூடை இடது கையில். நெற்றியில் வலது கை. எந்த ரகசியமும் இல்லாமல், எந்தக் கலகமும் இல்லாமல், சந்தைக்குப் போகிற வழியில் ஒரு பெண் நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள். காவலுக்கு நின்ற வயதான பெண்மணி என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள், இவ்வளவு தூரம் வந்து இந்தச் சின்னப் படத்தின் முன்னால் இவ்வளவு நேரம் நிற்கிறானே என்ற சந்தோஷமாக இருக்கும். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். ஊருக்கு வந்ததும் மாலா ஆசையாகக் கேட்டாள், அந்தப் படத்தைப் பாத்தீங்களா என்று. அந்தப் பகுதியைப் பழுதுபார்க்க மூடி வைத்திருந்தார்கள் என்றேன். "ஐயோ, அவ்வளவு தூரம் போயும் பாக்க முடியாமப் போச்சே," என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். அடுத்த வருடம் புத்தகத்தின் நாலாம் பதிப்பு வந்தது, முன்னுரையில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

முப்பத்திரண்டு. வந்துவிட்டது. திரை முழுக்க அந்த ஏரி, அந்தச் சுவர், அந்தச் சிலுவை. இடது கை. என் இடது கை. மூச்சு விட்டேன். என் புத்தகத்திலிருந்துதான் நகல் எடுத்திருப்பாள் என்று நினைத்திருந்தேன், ஆனால் இது அவ்வளவு மங்கலாக இல்லை, ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிகிறது, கூடைக்குள் முட்டைகள் தெரிகின்றன, இத்தனை வருடத்தில் எனக்கு அந்த முட்டைகள் தெரிந்ததே இல்லை. இவ்வளவு தெளிவான படம் இவளுக்கு எங்கே கிடைத்தது. அருங்காட்சியகத்திலிருந்து எடுத்திருந்தால் வலது கையாக அல்லவா இருக்க வேண்டும். கோமதியின் குரல் இந்த இடத்தில் உயர்கிறது, மளிகைச் சீட்டு போய்ப் பக்தி வந்துவிட்டது, பேராசிரியர் தென்னவன் அவர்களின் இடக்கைக் கோட்பாடு என்று சொல்லும்போது என்னைப் பார்த்துக் குனிகிறாள். முப்பத்தொன்பது வயது, காதோரம் நரை. தற்காலிக விரிவுரையாளராகப் பதினோரு வருடம் ஓட்டியவள், இந்தப் பட்டம் வந்தால்தான் நிரந்தரமாக்குவார்களாம், இல்லையென்றால் அடுத்த ஜூனில் வெளியே. காரில் வரும்போது மாசானமுத்து சொன்னார், ஞாபகமாக இரண்டு தடவை சொன்னார். அதாவது நான் வாயைத் திறந்தால் போவது என் பெயர் மட்டும் இல்லை. எவ்வளவு வசதியான காரணம். கோழைக்கு இப்படி ஒரு காரணம் தட்டில் வைத்துக் கிடைத்தால் அவன் தன்னைக் கருணை உள்ளவன் என்றே சொல்லிக்கொள்வான்.

இரண்டாவது வரிசையில் ஒரு கன்னியாஸ்திரீ உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துப் பெண்கள் கல்லூரியில் தாவரவியலோ என்னவோ சொல்லிக்கொடுப்பவர், சிஸ்டர் அமலோற்பவம் என்று அறிமுகம் செய்தார்கள், அவர் கையிலும் ஒரு துண்டுச் சீட்டு. அவர் தலையை இந்தப் பக்கம் சாய்க்கிறார், அந்தப் பக்கம் சாய்க்கிறார். மடியில் கிடக்கும் வலது கை கொஞ்சம் அசைகிறது, பிறகு இடது கை அசைகிறது, எது எது என்று தனக்குத்தானே சரிபார்க்கிறார். அந்த அசைவு எனக்குத் தெரியும். எட்டு மாதமாக என் வீட்டில் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு நடப்பது. மாலாவுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, வாயிலிருந்து வருவது நாலைந்து சொல், அதிலும் பாதி எனக்குப் புரியாது. நான் அன்றைக்கே சொன்னேனே என்று இனிமேல் அவளால் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இதை நினைத்தவன் நான், நினைத்ததும் அடிவயிற்றில் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதிக்காக என்னைச் செருப்பால் அடிக்கலாம். உடற்பயிற்சிக்கு வந்த பெண் எல்லாவற்றுக்கும் இடது கையைப் பழக்குங்கள் என்றாள். பழகிக்கொண்டாள். இடது கையால் ஸ்பூன் பிடிக்கிறாள், பல் தேய்க்கிறாள், தலை சீவுகிறாள். சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்ததும் மட்டும், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்குகிறாள். செத்த கையைத் தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோகிறாள். நெஞ்சுக்கு இறக்குகிறாள். இடது தோள். பிறகு வலது தோள், அதுதான் கஷ்டம், தன் தோளுக்குத் தன் கை எட்டாமல் நழுவி மடியில் விழுகிறது, மறுபடி முதலிலிருந்து, நெற்றியிலிருந்து. சில நாள் ஐந்து நிமிடம் ஆகும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "இடது கையால போட்டா உன் சாமி வாங்கிக்க மாட்டாரா?" அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. எண்பத்தேழாம் வருடம் மேஜை விளக்குப் பக்கத்தில் பொட்டை நகத்தில் வைத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை. அவளுக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, அன்றிலிருந்து ஆறரை மணி ஆனால் நான் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன்.

கேள்வி நேரம். முதல் சீட்டுக்காரர் எழுந்து, இந்த ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று வாசிக்கிறார். இந்தக் கேள்வி இல்லாமல் இந்த மாவட்டத்தில் யாருக்கும் பட்டம் கிடைக்காது போலிருக்கிறது. கோமதி மனப்பாடமாகப் பதில் சொல்கிறாள். இரண்டாம் சீட்டு, எதிர்கால ஆய்வுக்கான வாய்ப்புகள். வாசித்தவர் பதிலைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டார், பக்கத்தில் டீ கெட்டில் வந்துவிட்டது. முடிந்துவிடும், இன்னும் பத்து நிமிடம், படிவத்தில் கையெழுத்து, குழுப் புகைப்படம், சாப்பாடு, கார். ஆறரைக்குள் வீட்டுக்குப் போக முடியாது, அதுவும் நல்லதுதான், பார்த்துக்கொள்ளும் பெண் மெழுகுவர்த்தியை ஏற்றிவிடுவாள். சிஸ்டர் எழுந்தார். கையில் இருந்த சீட்டை இரண்டாக மடித்தார்.

"எனக்கு ஓவியம் பத்தி ஒண்ணும் தெரியாது. இதுல வேற கேள்வி எழுதியிருக்கு. ஆனா ஒரு சின்ன சந்தேகம். அந்த அம்மா ஏன் இடது கையால சிலுவை போடுறாங்க?"

கோமதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்ல கேள்வி சிஸ்டர். இந்த ஆய்வோட உயிரே அதுதான். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, மியூசியத்தோட இணையதளத்துல இந்தப் படத்தைத் தப்பாத் திருப்பிப் போட்டிருக்காங்க. வலது கை மாதிரி தெரியும். நானும் முதல்ல குழம்பிட்டேன். அப்புறம் சார் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாத்து, கம்ப்யூட்டர்ல சரியாத் திருப்பிக்கிட்டேன். அவங்களுக்கு மெயில்கூட அனுப்பியிருக்கேன், திருத்திக்கச் சொல்லி. இன்னும் பதில் வரலை."

கை தட்டினார்கள். "பாத்தீங்களா ஐயா, ஜெர்மன்காரனுக்கே திருத்தம் சொல்லுதா நம்ம பிள்ளை," என்று மாசானமுத்து மைக்கிலேயே சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும் போல, கழுதை, கண்ணால் பார்த்ததை நம்பாமல் புத்தகத்தை நம்பி உலகத்தையே திருப்பிப் போட்ட கழுதை, வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தை அந்த வீட்டுக்காரனுக்கே தப்பு என்று எழுதிப் போட்டவள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த மெயிலை யாரோ ஒருத்தர் அங்கே திறந்து பார்த்திருப்பார், அந்தக் காவல் பெண்மணியேகூட இருக்கலாம், அவள் ஓய்வு பெற்றிருப்பாள், சரி, வேறு யாரோ. இந்தியாவில் ஒரு பேராசிரியர் புத்தகத்தில் இப்படி இருக்கிறது என்று இவள் எழுதியிருப்பாள். நான் அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டு வந்தவன். இவள் பார்த்ததே இல்லை. பார்த்தவன் மறைத்தான், பார்க்காதவள் நம்பினாள், இதில் யார் கழுதை. காலையிலிருந்து இந்த ஹாலில் ஒவ்வொருத்தராக எடைபோட்டுக் கழித்துக்கொண்டே வந்தேன், கடைசியில் தராசில் மிச்சம் இருப்பது நான் மட்டும்தான். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் தலையை ஆட்ட வேண்டும், இன்று அறுபது தடவை ஆட்டிய தலை, இன்னும் ஒரு தடவை. சிஸ்டர் உட்காராமல் நிற்கிறார். மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"மியூசியம் சரி கோமதி. என் புத்தகம்தான் தப்பு. அது வலது கை."

நான் எதிர்பார்த்தது எதுவோ இப்போது வரும் என்று காத்திருந்தேன். மாசானமுத்து மெல்லச் சிரித்தார். "ஐயா எப்பவும் இப்பிடித்தான். தன் கருத்தைத் தானே வெட்டிப் பேசி ஆளைச் சோதிச்சுப் பாப்பாவ. எங்கிட்டயும் அன்னைக்கு இப்பிடித்தான் கேட்டாவ. பயப்படாம பதில் சொல்லும்மா." ஹால் முழுக்க ஒரு நிம்மதிச் சிரிப்பு பரவியது. இவரிடம் நான் அப்படிக் கேட்டதே இல்லை. நாற்பது வருடப் பொய்யைக் கஷ்டப்பட்டு இறக்கி வைத்தால், அதற்கும் பொன்னாடை போர்த்துகிறார்கள். கோமதி நிமிர்ந்து நின்றாள். கண்ணில் பயம் இல்லை, பாடம் படித்து வந்தவளின் தெம்பு.

"சார், நீங்களே நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. 'வலது கை விளங்காதவர்கள் இடது கையால்தான் கடவுளைத் தொடுவார்கள். இது ஒரு பெண்ணின் கை அல்ல, விளங்காமல் போன ஒரு காலத்தின் கை.' இதைவிட என்ன ஆதாரம் வேணும் சார்?"

ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். நான் எழுதியதுதான். விளங்காத கை எப்படி இருக்கும் என்று தெரியாத வயதில், அது எவ்வளவு கனக்கும் என்று தெரியாமல், வாக்கியம் அழகாக விழுகிறதே என்று எழுதியது. மறுபடி கை தட்டினார்கள்.

"இல்லம்மா," என்றேன். "விளங்காமப் போனாலும் வலது கையாலதான் போடுவாங்க."

"எப்படி சார் போட முடியும்?"

எழுந்து நின்றேன். பொன்னாடை நழுவிக் கீழே விழுந்தது. வாயால் சொல்லத்தான் நினைத்தேன், வலது கையைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று. ஆனால் இடது கை தானாகப் போய் வலது மணிக்கட்டைப் பிடித்தது. தூக்கி நெற்றிக்குக் கொண்டுபோனது. நெஞ்சுக்கு இறக்கியது. என் கை நன்றாக இருக்கிற கைதான், ஆனால் அந்த நேரத்தில் அதில் உயிர் இல்லை, அவ்வளவு கனம். இடது தோள். வலது தோளுக்குக் கொண்டுபோகும்போது பிடி நழுவி மேஜையில் விழுந்து முந்திரித் தட்டு உருண்டது. இருபது வயதிலிருந்து எந்தச் சாமிக்கும் கை குவிக்காத தென்னவன், இருபது பேர் பார்க்க, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். இந்தத் தடவை எட்டியது. யாரும் கை தட்டவில்லை. மாசானமுத்துவுக்குக்கூட இதற்கு என்ன விளக்கம் சொல்வது என்று தெரியவில்லை.

கோமதியின் குரல் சின்னதாக வந்தது. "அப்ப நான் திருப்பினது தப்பா சார்?"

"முதல்ல திருப்பினவன் நான். எண்பத்தேழுல. நீ என்னை நம்பினே, உன் தப்பு அவ்வளவுதான்."

"ஐயா, அப்ப பட்டம்," என்று மாசானமுத்து என் கையைத் தொட்டார்.

"அதை நான் கெடுக்கலை. நாலாவது அத்தியாயத்தை எடுக்கட்டும். எங்க தப்பு வந்துச்சுன்னு ஒரு அத்தியாயம் எழுதட்டும், மூணு மாசம் போதும். அதுல என் பேரை முழுசாப் போடணும். ரெண்டாயிரத்து ஒம்பதுலயே எனக்குத் தெரியும்ங்கறதையும் போடணும்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்த்தாள், முதல் தடவையாகப் பயபக்தி இல்லாமல், ஏமாற்றிய கடைக்காரனைப் பார்க்கிற மாதிரி. அது எனக்கு வேண்டியிருந்தது. பிறகு குனிந்து மவுஸைப் பிடித்தாள், எங்கோ ஒரு கட்டத்தை அழுத்தினாள், திரையில் படம் சட்டென்று திரும்பியது. தேவாலயம் அந்தப் பக்கம் போயிற்று, கூடை இடது கைக்கு மாறியது. வலது கை நெற்றியில். சந்தைக்கு முட்டை கொண்டுபோகிற ஒரு பெண். முப்பது பக்கம் எழுத அதில் எதுவும் இல்லை. மாலா மேஜை விளக்கில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டதுதான் அதில் இருந்தது.

நான் உட்கார்ந்தேன். சிஸ்டர் அமலோற்பவம் வரிசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். மைக் இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"வீட்ல யாருக்கு சார் கை வராமப் போச்சு?"

"என் வீட்டம்மாவுக்கு."

"பேர் சொல்லுங்க. இன்னைக்குச் சாயங்கால ஜெபத்துல சேத்துக்கிறோம்."

மாலா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நாற்பத்தாறு வருடமாக வேறு எதுவும் சொல்லி அவளை நான் கூப்பிட்டதில்லை. சிஸ்டர் காத்துக்கொண்டு நின்றார்.

"ஜெபமாலை," என்றேன். "ஜெபமாலை மேரி."